பேக் அழுத்தினால் எதெல்லாம் திரும்பி வரும்?

(எபிசோடின் ஒலிப்பதிவில் இருந்து, பேச்சு நடையை முழுசா மாற்றாமல், கொஞ்சம் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இன்னைக்கு ஒரு கோடிங் எபிசோட். மொபைல் ஆப், ஏஐ எதுவும் கிடையாது. டெஸ்க்டாப் சாஃப்ட்வேர். அதுலயும் யாரும் பெருமையா ரெஸ்யூமேல போடாத ஒரு சமாச்சாரம்: விஸார்ட்.

பேர் மந்திரவாதி மாதிரி இருந்தாலும் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம்தான். புது பிரிண்டரை இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு விண்டோ வரும். ஒரு கேள்வி, நெக்ஸ்ட். இன்னொரு கேள்வி, நெக்ஸ்ட். கடைசியில் ஃபினிஷ். 1991இல் மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் இந்தப் பெயரோடு வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவிய வடிவம் இது. பெரிய ஃபார்ம் ஒன்றை ஒரே திரையில் கொட்டாமல், படிப்படியாகக் கேட்பது. அவ்வளவுதான்.

நான் வேலை பார்க்கிற இடத்தில் இந்த விஸார்டை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற ரோட்டில், ஒரகடம் ஜங்ஷனைச் சுற்றி, கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் வெண்டர் யூனிட்கள் வரிசையாக இருக்கும். பெரிய கம்பெனிகளின் பெயர்ப் பலகை மட்டும்தான் பஸ்ஸில் போகும்போது கண்ணில் படும். அவற்றுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்களில் ஒவ்வொரு லைன் முடிவிலும் ஒரு டெஸ்ட் ஸ்டேஷன். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பார்கோடு ஸ்கேனர், ஒரு லேபிள் பிரிண்டர், பாகத்தைப் பொருத்த ஒரு ஃபிக்ஸ்சர். அந்தத் திரையில் ஓடுகிற சாஃப்ட்வேரை எழுதிக் கொடுக்கிற ஒரு சின்ன டீமில் நான் இருக்கிறேன்.

விஸார்ட் எழுதுவது சுலபம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நெக்ஸ்ட் பட்டன் சுலபம்தான். கஷ்டம் முழுக்க பேக் பட்டன்ல இருக்கு. இந்த எபிசோட் அதைப் பற்றித்தான்.

அதுக்கு முன்னாடி, எந்த டூல்கிட்? நாங்க பயன்படுத்துவது க்யூ, டி. அதைச் செய்தவர்களே "க்யூட்" என்றுதான் உச்சரிக்கிறார்கள். நார்வேக்காரர்கள் இரண்டு பேர், ஹாவர்ட் நோர்டு, ஐரிக் சாம்பே-எங், 1991இல் எழுத ஆரம்பித்தார்கள். அவர்கள் வைத்த கம்பெனிதான் ட்ரோல்டெக். க்யூ என்ற எழுத்து ஹாவர்டின் எடிட்டர் ஃபான்ட்டில் அழகாகத் தெரிந்ததாம், அதனால் அந்த எழுத்து. டி என்றால் டூல்கிட்.

இதுல நம்ம ஊர் சம்பந்தம் ஒண்ணு இருக்கு. 2008இல் ட்ரோல்டெக்கை வாங்கியது யார் தெரியுமா? நோக்கியா. 2006 ஜனவரியில் இருந்து ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்துகொண்டிருந்த அதே நோக்கியா. கம்பெனி பஸ்ஸில் இறங்கி ஷிஃப்டுக்குப் போன ஆயிரக்கணக்கான பெண்களும், ஆஸ்லோவில் உட்கார்ந்து க்யூட் எழுதிய இன்ஜினியர்களும் நாலு வருஷம் ஒரே முதலாளியின் கீழ் இருந்தார்கள். ஒருத்தருக்கு இன்னொருத்தர் இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. 2012இல் நோக்கியா க்யூட்டை டிஜியாவுக்கு விற்றது. 2014 நவம்பர் 1ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடப்பட்டது.

ஆலை போச்சு. ஆனா நோக்கியா செய்த இரண்டு காரியங்கள் இந்தக் காரிடாருக்கு இன்னும் உதவுது. 2009 மார்ச்சில் க்யூட் 4.5 வந்தபோது, எல்ஜிபிஎல் என்ற தளர்வான லைசன்ஸையும் சேர்த்தார்கள். அதற்கு முன்னால், மூடிய வணிக சாஃப்ட்வேர் எழுத வேண்டுமானால் காசு கொடுத்து லைசன்ஸ் வாங்கணும். எல்ஜிபிஎல் வந்த பிறகு, அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, எங்களை மாதிரி சின்ன டீமும் க்யூட்டை வைத்து வணிக சாஃப்ட்வேர் எழுதலாம். இரண்டாவது, அதே 2009இல் பைத்தானில் இருந்து க்யூட்டைப் பயன்படுத்த பைசைட் என்ற பாலத்தை நோக்கியா வெளியிட்டது. இன்றைக்கு நான் எழுதுவது பைசைட் 6இல். சாஃப்ட்வேர் ஒரு தடவை வெளியே வந்துவிட்டால், முதலாளி போனாலும் அது எங்கேயோ வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

சரி, விஸார்டுக்கு வருவோம்.

அஞ்சு பக்கம், ஒரு பாகம்

க்யூட்டில் இப்போது இருக்கிற க்யூவிஸார்ட் 2007இல், 4.3 வெர்ஷனில் வந்தது. இரண்டு கிளாஸ்தான் முக்கியம். க்யூவிஸார்ட் என்பது விண்டோ. க்யூவிஸார்ட்பேஜ் என்பது அதற்குள் ஒவ்வொரு பக்கம். பக்கங்களை எழுதி, விண்டோவிடம் சேர்த்துவிட்டால் நெக்ஸ்ட், பேக், கேன்சல், ஃபினிஷ் எல்லாம் தானாக வந்துவிடும்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். காரில் ஏதோ ஒரு மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சின்ன எலக்ட்ரானிக் யூனிட். லைன் முடிவில் அதற்கு நடக்க வேண்டியது: பாகத்தின் பார்கோடை ஸ்கேன் பண்ணணும். எந்த வேரியன்ட் என்று தேர்ந்தெடுக்கணும், உள்நாட்டுக்கு வலது பக்க ஸ்டீயரிங், சில ஏற்றுமதி நாடுகளுக்கு இடது பக்கம். அதன் மெமரியில் சாஃப்ட்வேரை எழுதணும். டெஸ்ட் பண்ணணும். பாஸானால் சீரியல் நம்பரோடு லேபிள் அடிக்கணும். அஞ்சு வேலை, அஞ்சு பக்கம்.

பக்கத்துக்குப் பக்கம் தகவல் போக "ரெஜிஸ்டர் ஃபீல்டு" என்ற வசதி இருக்கிறது. ஒரு பெட்டிக்கு "பார்ட்நம்பர்" என்று பெயர் வைத்துப் பதிந்துவிட்டால், எந்தப் பக்கத்தில் இருந்தும் "ஃபீல்டு" என்று கேட்டு எடுக்கலாம். பெயரின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அது கட்டாயம். நிரப்பாதவரை நெக்ஸ்ட் மங்கலாகவே இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. "நிரப்பியாச்சு" என்று க்யூட் எப்படி முடிவு பண்ணும்? ஆரம்பத்தில் இருந்த மதிப்பில் இருந்து மாறியிருந்தால் நிரப்பியாச்சு. வேரியன்ட் பட்டியலில் முதல் வரி "உள்நாடு" என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை திறக்கும்போதே அது தேர்வாகி நிற்கும். ஆபரேட்டருக்கும் உள்நாடுதான் வேணும். அவர் எதையும் மாற்றத் தேவையில்லை. மாற்றாததால் க்யூட்டைப் பொறுத்தவரை அது நிரப்பப்படவில்லை. நெக்ஸ்ட் மங்கல். அவர் ஏற்றுமதிக்கு மாற்றினால் நெக்ஸ்ட் எரியும், திரும்ப உள்நாட்டுக்கு வந்தால் அணையும். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். பட்டியலை நிரப்பிய பிறகு, பதிவதற்கு முன்னால், தேர்வை மைனஸ் ஒன்றில், அதாவது காலியாக, வைத்துவிடுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாற்றம்தான். கூடவே, ஆபரேட்டர் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துத் தேர்வு பண்ணுவார்.

அப்புறம் ஸ்கேனர். யூஎஸ்பி ஸ்கேனர் பெரும்பாலும் கீபோர்டு மாதிரிதான் நடந்துகொள்ளும். பார்கோடில் இருப்பதை டைப் பண்ணி, கடைசியில் என்டர் தட்டும். விஸார்டில் என்டர் தட்டினால் டிஃபால்ட் பட்டன் அழுந்தும். டிஃபால்ட் பட்டன் எது? நெக்ஸ்ட். ஸ்கேன் பண்ணினதும் தானாக அடுத்த பக்கம், டெமோவில் பார்க்க சூப்பரா இருக்கும். லைனில், கை பழக்கத்தில், பீப் சரியாகக் கேட்காமல் இரண்டு தடவை ஸ்கேன் பண்ணுவார்கள். முதல் என்டர் முதல் பக்கத்தைத் தாண்டும். இரண்டாவது என்டர் இரண்டாம் பக்கத்தைத் தாண்டப் பார்க்கும். அங்கே கட்டாயம் என்று எதுவும் இல்லையென்றால், அந்தப் பக்கத்தை ஆபரேட்டர் பார்க்கவே இல்லை. நான் ஸ்கேனரின் மேனுவலில் இருக்கிற செட்டிங் பார்கோடை ஸ்கேன் பண்ணி, கடைசி எழுத்தை என்டரில் இருந்து டேப் ஆக மாற்றிவிடுவேன். கோடில் சரிசெய்வதை விட அது நிம்மதி.

மிஞ்சிய ஒரு லேபிள்

இப்ப பேக் பட்டன்.

இங்கேயுள்ள ஒரு வெண்டர் யூனிட்டில், பெயர் வேண்டாம், வேறு யாரோ எழுதிக் கொடுத்த விஸார்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிரச்சினை, வந்து பாருங்கள் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். ஷிஃப்ட் முடிவில் ஒரு லேபிள் மிஞ்சியிருக்கிறது. அத்தனை பாகங்களுக்கு அத்தனை லேபிள்தானே வரணும்? ஒன்று எப்படி மிஞ்சும்? டெஸ்ட் ஸ்டேஷனில் இருந்த கான்ட்ராக்ட் ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். கவனக்குறைவு என்று.

ஒரு லேபிள் மிஞ்சினால் என்ன பெரிய விஷயம்னு தோணலாம். பிரிண்டரில் இருந்து வரும் லேபிள்கள் ஒரு ட்ரேயில் விழும். அடுத்த ஆள் அதை வரிசையாக எடுத்து ஒட்டுவார். நடுவில் ஒரு லேபிள் கூடுதலாக விழுந்தால், அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு பாகத்திலும் முந்தைய பாகத்தின் நம்பர் ஒட்டப்படும். டேட்டாபேஸில் ஒரு நம்பர், பாகத்தின் மேல் வேறு நம்பர். ஷிஃப்ட் முடியும்வரை. நாளைக்கு ஏதாவது ஒரு பாகத்தில் கோளாறு என்று கார் கம்பெனி ரீகால் பண்ணினால், இந்த சீரியல் நம்பரில் இருந்து இந்த நம்பர் வரைக்கும் என்றுதான் தேடுவார்கள். வண்டியின் 17 இலக்க சேஸிஸ் நம்பரோடு இந்த நம்பர்தான் கோத்திருக்கும். நம்பர் தப்பென்றால் நல்ல வண்டியைக் கூப்பிடுவார்கள், கெட்ட வண்டி ரோட்டில் ஓடும்.

அந்த அக்காவிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். "மேடம், நான் தப்பா எதையும் அழுத்தலை. டெஸ்ட்ல வந்த கரன்ட் அளவு சரியாப் பார்த்தேனான்னு சந்தேகம். அதான் பேக் போட்டுப் பார்த்துட்டு, திரும்ப நெக்ஸ்ட் போட்டேன். பேக்னா திரும்பிப் போறதுதானே?"

அந்தக் கேள்விக்கு அந்த சாஃப்ட்வேரில் நேர்மையான பதில் இல்லை.

க்யூவிஸார்டில் ஒரு பக்கம் திரையில் வருவதற்குச் சற்று முன்னால் "இனிஷியலைஸ் பேஜ்" என்ற ஃபங்ஷன் ஓடும். முந்தைய பக்கங்களில் சொன்ன விவரங்களை வைத்து இந்தப் பக்கத்தைத் தயார் செய்ய அது. பேக் அழுத்தி ஒரு பக்கத்தை விட்டு வெளியேறினால் "க்ளீனப் பேஜ்" ஓடும். அது அந்தப் பக்கத்தின் ஃபீல்டுகளைப் பழைய மதிப்புக்குத் திருப்பி வைக்கும். திரும்ப நெக்ஸ்ட் அழுத்தினால், இனிஷியலைஸ் பேஜ் மறுபடியும் முதலில் இருந்து ஓடும். இது க்யூட்டின் தப்பே இல்லை, சரியான நடத்தை. பின்னால் போய் வேரியன்டை மாற்றியிருந்தால், முன்னால் வரும் பக்கம் புதுசாகத் தயாராக வேண்டாமா?

அந்த விஸார்டை எழுதியவர், லேபிள் பக்கத்தின் இனிஷியலைஸ் பேஜிலேயே "அடுத்த சீரியல் நம்பரை எடு, லேபிளை அடி" என்று எழுதியிருந்தார். பக்கம் வந்ததும் லேபிள் வந்துவிடும், ஒரு க்ளிக் மிச்சம். அந்த அக்கா பேக் போட்டு நெக்ஸ்ட் போட்டதும் அது இரண்டாவது தடவை ஓடியது. புது நம்பர், புது லேபிள். க்ளீனப் பேஜ் திரையில் இருந்த பெட்டியை மட்டும் துடைத்தது. ட்ரேயில் விழுந்த பேப்பரை எந்த ஃபங்ஷனாலும் பிரிண்டருக்குள் திரும்ப இழுக்க முடியாது. லாக் ஃபைலில் ஒரே டெஸ்டுக்கு, சில வினாடி இடைவெளியில், இரண்டு நம்பர் தெளிவாக இருந்தது.

அதை பிரின்ட் எடுத்து குவாலிட்டி இன்ஜினியரிடம் கொடுத்தேன். லாட்டை நிறுத்தி எல்லாவற்றையும் திரும்ப ஸ்கேன் பண்ணினார்கள். மெமோவைத் திரும்ப வாங்கிவிட்டார்களா என்று அப்புறம் கேட்டேன். "ஃபைல்ல இருக்கும், ஆனா ஆக்‌ஷன் எதுவும் இல்லை"ன்னு பதில். அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லணும். இந்தக் காரிடாரில் எந்த ஷாப் ஃப்ளோருக்குப் போனாலும் "போகா-யோகே" என்ற சொல்லைப் போஸ்டரில் பார்க்கலாம். தவறு நடக்கவே முடியாதபடி வேலையை அமைப்பது. ஜப்பானியர் ஷிகேயோ ஷிங்கோ 1960களில் பரப்பியது. அவர் முதலில் வைத்த பெயர் "பாகா-யோகே". பாகா என்றால் முட்டாள். முட்டாள் செய்தாலும் தப்பாகாது என்கிற அர்த்தம். ஒரு ஆலையில் அந்தப் பெயரைக் கேட்டு ஒரு பெண் தொழிலாளி, நான் என்ன முட்டாளா என்று அழுதுவிட்டார். அதன் பிறகுதான் "போகா", அதாவது கை தவறிச் செய்யும் பிழை, என்று பெயரை மாற்றினார். போஸ்டர் எல்லா இடத்திலும் இருக்கு. சாஃப்ட்வேர் திரைன்னு வரும்போது மட்டும் நாம இன்னும் பாகா-யோகே காலத்துலதான் இருக்கோம். பிழை வந்தால் முதலில் ஆபரேட்டருக்கு மெமோ.

திரும்ப முடியாத பக்கம்

சரி, அந்த விஸார்டை எப்படி எழுதியிருக்கணும்?

முதல் யோசனை, எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுவது. பக்கங்களில் விவரம் மட்டும் வாங்கு, உலகத்தில் எதையும் மாற்றாதே. ஃபினிஷ் அழுத்தும்போது "அக்செப்ட்" என்ற ஃபங்ஷன் ஓடும், மொத்த வேலையையும் அங்கே செய். க்யூட்டோடு வரும் கிளாஸ் விஸார்ட் என்ற உதாரணம் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கேள்வி எல்லாம் கேட்டுவிட்டு, அக்செப்ட்டில்தான் ஃபைல்களை உருவாக்கும். அதுவரை பேக் சொல்வது முழு உண்மை. உங்களால் முடிந்தால் இதையே செய்யுங்கள்.

ஆனா லைன்ல முடியாது. மெமரியில் எழுதினால்தான் டெஸ்ட் பண்ண முடியும். டெஸ்ட் பாஸானால்தான் லேபிள். நடுவிலேயே உலகம் மாறிவிடுகிறது. இதற்காகவே க்யூட்டில் "செட் கம்மிட் பேஜ்" என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு பக்கத்தை கம்மிட் பேஜ் என்று சொல்லிவிட்டால் இரண்டு விஷயம் நடக்கும். அந்தப் பக்கத்தில் நெக்ஸ்ட்டுக்குப் பதிலாக கம்மிட் பட்டன் வரும். அதைத் தாண்டி நேராக வருகிற பக்கத்தில் பேக் பட்டன் செத்துவிடும். மேலும் சில பக்கம் முன்னால் போய் பேக் போட்டாலும், அந்தச் சுவர் வரைக்கும்தான் திரும்பி வர முடியும்.

ஒரே ஒரு வரி. இந்த வசதி அங்கேயே கிடக்கு, பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை.

நான் அந்த விஸார்டைத் திரும்ப எழுதியபோது ஸ்கேன், வேரியன்ட் இரண்டிலும் பேக் தாராளமாக வேலை செய்தது. அங்கே எத்தனை தடவை போய் வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வேரியன்டுக்கு அப்புறம் ஒரு உறுதிப் பக்கம், அது கம்மிட் பேஜ். டெஸ்ட் முடிவைக் காட்டும் பக்கம் இன்னொரு கம்மிட் பேஜ். அதைத் தாண்டினால்தான் லேபிள். லேபிள் வந்த பிறகு கடைசிப் பக்கத்தில், அந்த லேபிளையே ஸ்கேன் பண்ணச் சொல்லும். நம்பர் பொருந்தினால்தான் ஃபினிஷ். டெஸ்ட் முடிவை மறுபடி பார்க்கணும்னா? லேபிள் பக்கத்திலேயே அந்த அளவுகளைச் சின்னதாகக் காட்டிவிட்டேன். அந்த அக்கா பின்னால் போனது அதைப் பார்க்கத்தானே. பேக்கை அடைக்கிறதுக்கு முன்னாடி, ஆட்கள் எதுக்காக பேக் போறாங்கன்னு கேட்டுக்கங்க.

வேலையை எந்த ஃபங்ஷனில் செய்வது? "வேலிடேட் பேஜ்" என்று ஒன்று இருக்கிறது. நெக்ஸ்ட்டோ கம்மிட்டோ அழுத்தியதும் ஓடும். அது சரி என்று சொன்னால்தான் பக்கம் நகரும். லேபிள் அடிப்பது மாதிரி சட்டென்று முடிகிற வேலைக்கு அதுதான் இடம். பிரிண்டரில் பேப்பர் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடலாம். மெமரியில் எழுதுவது மாதிரி நீளமான வேலையை அதில் வைத்தால் திரை உறைந்துவிடும். திரை உறைந்தால் ஆள் என்ன பண்ணுவார்? கேபிளைப் பிடுங்குவார், நியாயம்தானே. அதனால் கம்மிட் பேஜுக்கு அடுத்த பக்கத்தை ஒரு ப்ராக்ரஸ் பக்கமாக வைத்து, வேலையைத் தனி த்ரெட்டில் ஓட்டுங்கள். "ஈஸ் கம்ப்ளீட்" என்ற ஃபங்ஷன் முடியும்வரை இல்லை என்று சொல்லட்டும், நெக்ஸ்ட் மங்கலாக இருக்கும். வேலை முடிந்ததும் "கம்ப்ளீட் சேஞ்ச்டு" என்ற சிக்னலைக் கொடுங்கள். இதை மறந்தால் வேலை முடிந்தும் நெக்ஸ்ட் எரியாது.

வழி பிரிவதற்கு "நெக்ஸ்ட் ஐடி". டெஸ்ட் பாஸ் என்றால் லேபிள் பக்கம், ஃபெயில் என்றால் சிவப்பு டேக் பக்கம் என்று அது சொல்லும். மைனஸ் ஒன்று சொன்னால் அதுதான் கடைசிப் பக்கம். இதில் ஒரு எச்சரிக்கை. க்ளிக் பண்ணும்போது மட்டும்தான் இது ஓடும் என்று நினைக்காதீர்கள். நெக்ஸ்ட் காட்டணுமா ஃபினிஷ் காட்டணுமா என்று தெரிந்துகொள்ளவும் க்யூட் இதைக் கூப்பிடும். அதில் பிரிண்ட் வேலையை எழுதினால், லேபிள் ரோலே தீர்ந்துவிடும்.

பேக்கை அடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் பக்கத்து வாசல் திறந்திருக்கும். கேன்சல். கம்மிட் பேஜ் கேன்சலைத் தடுக்காது. எஸ்கேப் கீயும் கேன்சல்தான். விண்டோ மூலையில் இருக்கிற எக்ஸும் அதேதான். எல்லாமே கடைசியில் "ரிஜெக்ட்" என்ற ஃபங்ஷனில் வந்து சேரும். அதைத் திரும்ப எழுதி, கம்மிட் தாண்டியாச்சா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் சும்மா மூடக் கூடாது. "இந்தப் பாகம் பாதியில் நிற்கிறது, தனியாக வை" என்று சொல்லி, டேட்டாபேஸிலும் அப்படியே பதிய வேண்டும்.

அப்புறம் கரன்ட் போவது. அது எந்த பட்டனையும் கேட்காது. அதனால் மெமரியில் எழுதுவதற்கு முன்னால் "ஆரம்பித்தது", முடிந்ததும் "முடிந்தது" என்று டேட்டாபேஸில் இரண்டு குறிப்பு. திரும்ப ஆன் ஆகும்போது, ஆரம்பித்து முடியாத வரி ஏதாவது இருந்தால், "செட் ஸ்டார்ட் ஐடி" மூலம் விஸார்டை முதல் பக்கத்தில் திறக்காமல், அதற்கென்று வைத்த பக்கத்தில் திறக்கலாம்.

திரை ஒன்று சொல்ல, மிஷின் வேறொன்றில் நிற்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு தெராக்-25 கதையைப் படித்துப் பாருங்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மிஷின். 1985இல் இருந்து 1987க்குள் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு கொடுத்தது, சிலர் இறந்தார்கள். டெக்சஸில் நடந்ததில், ஆபரேட்டர் தப்பான மோடை டைப் பண்ணிவிட்டு, கர்சரை மேலே கொண்டுபோய்ச் சில வினாடிக்குள் திருத்தினார். திரை புதுசைக் காட்டியது. மிஷினுக்குள் அந்தத் திருத்தம் முழுசாகப் போய்ச் சேரவில்லை. அவர் செய்ததும் ஒரு பேக்தான்.

இன்னும் ஒரு சின்ன விஷயம், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது. கம்மிட் பட்டனில் என்ன எழுதுவது? "கம்மிட்" என்ற சொல் கிட் பயன்படுத்துகிற நமக்குப் புரியும். லைனில் இருப்பவர்கள் உத்திரமேரூரில் இருந்தும் செய்யாறில் இருந்தும், ஒடிசா, பீகாரில் இருந்தும் வருகிறார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக "செட் பட்டன் டெக்ஸ்ட்" கொடுக்கலாம். முதலில் "உறுதி செய்" என்று போட்டேன். யாரும் படிக்கவில்லை, அதுவும் ஒரு ஓகே மாதிரி ஆகிவிட்டது. இப்போது ஒரு பக்கத்தில் "மெமரியில் எழுது", இன்னொன்றில் "லேபிள் அடி". மேலே "இதற்கப்புறம் திரும்ப முடியாது" என்று ஒரு வரி. ஹிந்தியிலும் அதே. "லேபிள் அடி" என்று இருந்தால், கை ஒரு நொடி நின்று ட்ரேயைப் பார்க்கிறது. அதை நான் நின்று கவனித்தேன்.

முடிக்கும் முன், போன வாரம் வந்த ஒரு கேள்வி. இதையெல்லாம் பிரவுசரில் பண்ணலாமே, எதுக்கு டெஸ்க்டாப்? பண்ணலாம், பலர் பண்றாங்க. ஆனா பிரவுசரில் உங்க பேக் பட்டன் தவிர, பிரவுசருக்குன்னே ஒரு பேக் பட்டன் மேலே உட்கார்ந்திருக்கும். மவுஸில் ஒன்று, கீபோர்டில் ஒன்று என்று அதற்குக் குறுக்கு வழிகள் வேறு. அதை எப்படிச் சமாளிப்பது என்பதே தனி எபிசோட். பேமென்ட் பக்கத்தில் "பேக் அழுத்தாதீர்கள், ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள்" என்று கெஞ்சுகிறார்களே, அதில் இருந்து அடுத்த வாரம் ஆரம்பிப்போம்.